இலக்குக்குப் பின்னால்

துரோணர் தம் சீடர்களுக்குப் பரீட்சை வைத்த கதையைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவையை வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, தாங்கள் தெரிகிறீர்கள், சகோதரர்கள் தெரிகிறார்கள் என்று சொன்னவர்களையெல்லாம் வில்லைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். அர்ச்சுனன் மட்டும், "பறவையின் தலை தெரிகிறது. வேறொன்றும் தெரியவில்லை" என்றான். "எய்" என்றார் ஆசாரியர். பறவை விழுந்தது.

கவனம் என்றால் இதுதான் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் இந்தக் கதையை முடிப்பார். நானும் வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் கோயமுத்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர். போலீஸ் இலாகாவில் புதிதாகச் சேரும் பையன்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தே உத்தியோக காலத்தைக் கழித்தவர். சர்க்கார் பாஷையில் அவர் கவாத்துப் போதகர், பையன்களுக்கு உஸ்தாத். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட முதுகு வளையாது. பென்ஷன் வாங்கிக்கொண்டு, இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, சாந்தமாகக் காலம் தள்ளுகிறார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் துரோணர் கதையை எடுத்தேன். தொழில் முறையில் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "அந்தப் பையன் எங்கிட்ட வந்திருந்தா நான் பாஸ் போட்டிருக்க மாட்டனுங்க" என்றார்.

"ஏன் ஐயா?"

"பறவை மட்டும் தெரியுதுன்னா எப்படிங்க? பறவைக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு பார்க்கோணுமல்லங்க? குண்டு பறவையோட நின்னுக்குமா? பழைய முந்நூத்தி மூணு ரவை ஒரு மைலைத் தாண்டிப் போயிட்டே இருக்குமுங்க. அதுக்குத்தானே சுடற தளத்துல பலகைக்குப் பின்னால மண்ணை மலையாட்டம் குவிச்சு வெச்சிருக்குது. ஊருக்குள்ள, காட்டுக்குள்ள அப்படி மண்மேடு இருக்குமுங்களா?"

பிறகு விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினார். எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரப்பிய துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. சுடுவது என்று முடிவு செய்கிற வரையில் விசையில் விரல் படக் கூடாது. இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் இருப்பது எது என்று தெரியாமல் சுடக் கூடாது. உலகத்தில் எந்தத் தேசத்தில் துப்பாக்கி சொல்லிக் கொடுத்தாலும் இந்த நான்கையும் ஏதாவது ஒரு வரிசையில் சொல்லித்தான் தீரவேண்டுமாம். "முதல் மூணையும் ஒரு வாரத்துல பழக்கிப் போடலாமுங்க. நாலாவதை ஆயுசு பூராச் சொல்லோணும்" என்றார்.

இந்த நாலாவது விதி ஓர் இலக்கிய விமரிசகனுக்கும் உபயோகப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் நம் கொங்கு நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள காட்டைப்பற்றி எழுதப்பட்ட இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு அவருடைய பேச்சுத்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. ஒன்று ஆயுதம் பயிற்றிய உயர் அதிகாரி ஒருவர் இங்கிலீஷில் எழுதியது. மற்றது தமிழ் நாவல். முதல் புத்தகத்துக்குப் பறவையின் தலை தெரிகிறது. இரண்டாவது புத்தகத்துக்கு மரமும் மரத்தின் பின்னால் நின்றவர்களும் தெரிகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதல் புத்தகம், கே. விஜயகுமார் எழுதி 2017-ல் வெளிவந்த, வீரப்பன் வேட்டையைப் பற்றிய நூல். ஆசிரியரைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1975-ம் வருஷத்து ஐ.பி.எஸ். பிரிவைச் சேர்ந்தவர். பிரதம மந்திரியைக் காக்கும் விசேஷப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். காஷ்மீரத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். சென்னைக்குப் போலீஸ் கமிஷனராக இருந்தவர். 2004-ல் வீரப்பன் கதை முடிந்தபோது தமிழ்நாட்டு அதிரடிப்படையின் தலைவர் அவர்தான். ஜனங்கள் அவரை இந்த ஒரு காரியத்துக்காகவே நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவருடைய உத்தியோக வாழ்க்கையின் பிற்பகுதியை கவனித்தால் அவரை ஒரு வாத்தியார் என்று சொல்வதே பொருத்தம். 2008 முதல் 2010 வரை ஹைதராபாத்திலுள்ள சர்தார் வல்லபபாய் படேல் தேசியப் போலீஸ் அகாடமிக்கு டைரக்டர். இந்த நாட்டில் ஐ.பி.எஸ். அதிகாரி ஆகிற ஒவ்வொருவரும் கால் வைத்துத் தீரவேண்டிய இடம் அது. 2010 ஏப்ரலில் தந்தேவாடாவில் 76 பேர் பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டபிறகு, அந்த வருஷமே மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்குத் தலைவரானார். காட்டில் எப்படி நடப்பது, எப்படித் தங்குவது, வந்த வழியே ஏன் திரும்பக் கூடாது என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் அப்போது அந்தப் படைக்குத் தேவைப்பட்டார். நம் கோவையில் துடியலூர்ப் பக்கம், குருடம்பாளையத்தில் இருப்பது அந்தப் படையின் மத்தியப் பயிற்சிக் கல்லூரிதான்.

ஆகையால் இந்த நூலை ஒரு போலீஸ்காரரின் வெற்றிக் கதையாக மட்டும் நான் படிக்கவில்லை. ஆயுதம் கற்பிப்பவர் தாம் கற்ற பாடத்தைச் சொல்லும் புத்தகமாகப் படித்தேன். அப்படிப் படித்தால்தான் இதன் பலமும் பலவீனமும் புலப்படுகின்றன.

வாசகர்களில் இளையவர்களுக்காக அந்தக் காலத்தைச் சற்று ஞாபகப்படுத்துகிறேன். சத்தியமங்கலத்தைத் தாண்டினால் பண்ணாரி. பண்ணாரியிலிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம். அதற்கு அப்பால் ஆசனூர், தாளவாடி, கன்னட சீமை. 1990-க்குப் பிறகு சுமார் பதினைந்து வருஷம், அந்த மலைப்பாதையில் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடப் பார்ப்பார்கள். 2000 ஜூலை 30-ம் தேதி இரவு, கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூரில் அவருடைய வீட்டிலிருந்தே வீரப்பன் கடத்திப் போனபோது, இரண்டு ராஜ்யங்களின் சர்க்கார்கள் 108 நாள் ஒரு காட்டு மனிதன் அனுப்பும் ஒலிநாடாவுக்காகக் காத்துக் கிடந்தன. சந்தன மரமும் யானைத் தந்தமும் அறுத்துத் தொடங்கிய ஒருவன் அவ்வளவு தூரம் வளர்ந்ததற்குக் காரணம் அவனுடைய துப்பாக்கி அல்ல. காட்டை அவன் அறிந்த அளவுக்கு அவனைத் தேடியவர்கள் அறியவில்லை.

விஜயகுமாரின் நூலில் என்னைக் கவர்ந்த அம்சம் இதை அவர் ஒப்புக்கொள்வது. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் பக்கங்களைவிட, சத்தம் கேட்காத பக்கங்களே இதில் உயர்ந்தவை. தகவல் வரும் என்று காத்திருப்பது, வந்த தகவல் பொய் என்று தெரிவது, மறுபடியும் காத்திருப்பது, நடந்து நடந்து கால் புண்ணாவது, அட்டைக்கடியும் மலேரியாவும், படையினர் மனசு தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கதைக்காரன் இந்த மாதிரி இடங்களைத் தாண்டி ஓடிவிடுவான். வாசகன் கொட்டாவி விடுவானோ என்று அவனுக்குப் பயம். நூலாசிரியர் பயப்படவில்லை. தொழிலைத் தெரிந்தவர் எழுதுவதில் உள்ள லாபம் இது. அலுப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்வதுதான் பாதி வேலை என்பதும் தெரியும்.

முன்னே நடந்த தோல்விகளை எடுத்துச் சொல்வதிலும் ஒரு வாத்தியாரின் மனோபாவம் தெரிகிறது. 1993 ஏப்ரல் 9-ம் தேதி, மேட்டூருக்கு அப்பால் பாலாற்றுப் பக்கம் நடந்த கண்ணிவெடிச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி. கோபாலகிருஷ்ணன் நல்ல பலசாலி, பயம் அறியாதவர், 'ராம்போ' என்றே அவருக்குப் பெயர். அன்று அவருடன் புறப்பட்டுப்போன கூட்டத்தில் போலீஸாரும் வன ஊழியர்களும் உளவு சொல்ல வந்தவர்களுமாக 22 பேர் வெடியில் சிதறிப்போனார்கள். அவர் உயிர் தப்பியது பெரிய காரியம். தைரியம் என்பது ஒரு தந்திரம் அல்ல என்று பயிற்சிப் பள்ளியில் ஆயிரம் தடவை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் ஏறிவிடும். நம் கதைகளிலும் சினிமாக்களிலும் வரும் வீரர்கள் பெரும்பாலும் பாலாற்றுக்குப் புறப்பட்டுப் போகிற ஜாதிதான்.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் அந்தக் காடு பார்த்திருக்கிறது. கர்நாடக வன அதிகாரி ஸ்ரீநிவாஸ். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்திலேயே போய் இருந்துகொண்டு, ஜனங்களுக்கு மருந்து கொடுத்து, மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கொடுத்து, ஆயுதத்தால் ஆகாததை அன்பால் செய்துவிடலாம் என்று முயன்றவர். சரணடைகிறேன் என்று வந்த வார்த்தையை நம்பி, 1991 நவம்பர் 10-ம் தேதி காட்டுக்குள் போனார். தலையை வெட்டிவிட்டார்கள். துப்பாக்கியே வேண்டாம் என்று சுலபமாகப் பேசுகிறவர்கள் ஸ்ரீநிவாஸை மறந்துவிடக் கூடாது. நானும் மறக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரைக் கொன்றவர்கள் போய்விட்டார்கள். அவர் கட்டிக் கொடுத்த கோவில் அந்த ஊரில் இருக்கிறது.

கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். 2004 அக்டோபர் 18-ம் தேதி இரவு, தர்மபுரி ஜில்லா பாப்பாரப்பட்டிக்கு அருகில், ஓர் ஆம்புலன்ஸ் வண்டி. கண் பார்வை கெட்டுப்போய், வைத்தியத்துக்காகக் காட்டைவிட்டு வெளியே வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் உள்ளே. வண்டியை ஓட்டியவர் அதிரடிப்படையைச் சேர்ந்தவர் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் நாலு பேரும் பிணமானார்கள். அந்த இரவு நடந்ததை வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. அது வேறு வழக்கு. புத்தகத்தின்படி பார்த்தால், பத்து மாத வேலையின் பலன் சில நிமிஷங்களில் கிடைத்துவிடுகிறது. பிறகு ஆசிரியர் பண்ணாரி அம்மனுக்கு மொட்டை போட்டுப் பிரார்த்தனையை நிறைவேற்றுகிறார். கொங்கு நாட்டு வாசகனுக்கு அந்த மொட்டைத் தலை நிரம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

இனி, குறைகள். முதல் குறை எழுத்து முறையைப் பற்றியது. தாம் பார்க்காத இடங்களையும் பார்த்தது போலவே எழுதுகிறார். வீரப்பனும் அவனுடைய ஆட்களும் காட்டுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் சம்பாஷணையாக வருகிறது. பிடிபட்டவர்களும் சரணடைந்தவர்களும் சொன்னதை வைத்து எழுதியிருக்கலாம். ஆனாலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சினிமாவைப் போல் திரை தூக்கி இறங்கும்போது, இது சாட்சியமா, கதையா என்ற சந்தேகம் எழுகிறது. கதை எழுதுகிற எனக்கே அப்படித் தோன்றினால் வக்கீலுக்கு என்ன தோன்றும்? அதிகாரியின் நாட்குறிப்பு நடை வரட்சியானதுதான். ஆனால் அதில் ஒரு நம்பகம் உண்டு. அதைக் கொடுத்து விறுவிறுப்பை வாங்கியது நல்ல பேரம் இல்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இது வாத்தியாரின் புத்தகம் என்றேன். வாத்தியாரின் புத்தகத்தில் மாணாக்கர்கள் இருக்க வேண்டும். பெயரும் வீரச் செயலும் உள்ள போலீஸார் பலர் இந்நூலில் வருகிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவனையாவது இரவில் கூடாரத்தில் தூக்கம் வராமல் புரளும் மனிதனாக நாம் பார்க்கிறோமா? முதல் தடவை ஒரு மனிதன் மேல் குறி வைத்தவனுக்குக் கை நடுங்கியதா? சுட வேண்டாம் என்று குழலைத் தாழ்த்தியவன் எவனாவது உண்டா? அவனுக்கு மெடல் கிடைக்காது. அவன் பெயர் கெஜட்டில் வராது. நல்ல உஸ்தாத் ஒருவனுடைய கண் அவன்மேல்தான் இருக்கும்.

காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவர்கள் எழுதிய நூல்களில் ஜிம் கார்பெட்டுக்கு ஏன் அவ்வளவு பெயர் என்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். அவர் குமாவுன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, எழுபது வயதை நெருங்கும் சமயத்தில், பர்மாக் காட்டுக்குப் போகவேண்டிய சிப்பாய்களுக்குக் காட்டு வித்தை கற்பிக்க அவரை அழைத்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் கேட்பது, பார்ப்பது, மணம் பிடிப்பது. எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது என்று தெரிந்தவனுக்குத் துப்பாக்கி அநேகமாகத் தேவைப்படாது என்பதே அவர் நூல்களின் சாரம். நம் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனும், தம் காட்டறிவுக்கு பைரா என்ற பூசாரி இனத்து மனிதனைக் குருவாகச் சொல்கிறார். ஆகவே காட்டில் யார் வாத்தியார், யார் மாணாக்கன் என்பது நாம் நினைப்பது போல் அல்ல. துப்பாக்கி வைத்திருப்பவன் அங்கே மாணாக்கன். துரோணரால் திருப்பி அனுப்பப்பட்ட வேட்டுவப் பையன் ஏகலைவன்தான் அங்கே ஆசான்.

அந்த ஏகலைவனுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இரண்டாவது புத்தகம். ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி'. ஆசிரியர் பவானிக்காரர், வழக்கறிஞர், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் பணியாற்றுபவர். சோளகர்கள் தாளவாடி, திம்பம் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடிகள். தொட்டி என்றால் அவர்களுடைய குடியிருப்பு. நாவல் இரண்டு பாகம். முதல் பாகத்தில் ராகி விளைகிறது, தேன் எடுக்கிறார்கள், பீனாச்சி ஊதி ஆடுகிறார்கள், கல்யாணமும் சாவும் வருகின்றன, சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்களிடம் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அவசரமே இல்லாத எழுத்து. இரண்டாம் பாகத்தில் காக்கி உடுப்பு வருகிறது.

சோளகன் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறான். வீரப்பன் ஆட்கள் வந்து அரிசி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. கொடுத்தால் போலீஸ் வரும். கொடுக்காவிட்டாலும் போலீஸ் வரும். சிவண்ணா, மாதி என்னும் எளிய மனிதர்கள் முகாம்களில் அடைபட்டு அனுபவிப்பதை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. பெண்களுக்கு நேர்ந்ததைப் படித்தபோது புத்தகத்தை இரண்டு முறை மூடி வைத்தேன். நாவலாசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. ஊமைக் காயத்தை வைத்தியரிடம் காட்டுகிறவன் போலச் சொல்லிக்கொண்டு போகிறார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தடாச் சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் வருஷக் கணக்கில் கிடந்தார்கள். 2001-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அதிரடிப்படைகளின் முகாம்களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமைக் கமிஷன் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதன் அறிக்கையை வைத்து 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணமாகக் கொடுக்கும்படி கமிஷன் சொன்னது. மாதேசுவரன் மலையில் ஒரு சித்திரவதைக் கூடத்துக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயராம். தொழில் செய்கிற இடத்தின் பெயரை அதற்கு வைத்தவன் யாரோ, அவனுக்கும் ஓர் உஸ்தாத் இருந்திருப்பார்.

நியாயமாகப் பேச வேண்டும். அந்தக் கொடுமைகள் பெரும்பாலும் 1990-களில் நடந்தவை. விஜயகுமார் தலைமைக்கு வந்து வேட்டை முடிந்த காலத்துக்கு முந்தியவை. அவற்றை அவர் தலையில் கட்டுவது தர்மம் ஆகாது. இரண்டு ராஜ்யங்களின் படைகள் அங்கே இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. வீரப்பன் கையால் மாண்டவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலர் சாதாரணக் கான்ஸ்டபிள்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் கேள்வி நிற்கிறது. படை என்பது ஒரு பள்ளிக்கூடம். தலைமை வாத்தியார் மாறலாம், பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதன் கதையை எழுதுகிறவர், முகாமுக்குள் போய் நடக்கச் சக்தியில்லாமல் திரும்பி வந்தவர்களுக்குப் பக்கங்களில் எவ்வளவு இடம் கொடுக்கிறார்? இந்நூலில் வெளிச்சமெல்லாம் இலக்கின் மேல் விழுகிறது. மண்மேடு இல்லாத காட்டில், இலக்குக்குப் பின்னால் நின்றவர்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

'சோளகர் தொட்டி'யையும் குறையில்லாத நூல் என்று சொல்லமாட்டேன். முதல் பாகத்தில் நாய்க்குக்கூட ஒரு குணம் உண்டு. இரண்டாம் பாகத்துப் போலீஸ்காரர்களுக்கு அது இல்லை. அவர்கள் லத்தியும் பூட்ஸுமாக வந்து போகிறார்கள். அடிபட்டவன் பார்வையில் அடித்தவனுக்கு முகம் இருக்காது என்பது உண்மை. ஆனாலும் நாவல் என்பது அடிபட்டவனின் மனு மட்டும் அல்லவே. ஈரோட்டிலோ கோபியிலோ மல்லிகைப் பூவும் சாக்லெட்டும் வாங்கிக்கொண்டு லீவில் வீட்டுக்குப் போகிற ஒரு பையன், மறுவாரம் மலை ஏறி இப்படி ஆகிறானே, எப்படி ஆகிறான்? இங்கே நாவலாசிரியரும் அதிகாரியைப் போலவே அந்தப் பையனைத் தாண்டிப் போய்விடுகிறார்.

இரண்டு புத்தகங்களிலும் விடுபட்டவன் ஒருவனே என்பது ஆச்சரியம். நடுவில் நிற்கும் மாணாக்கன். கையில் துப்பாக்கி உள்ள கான்ஸ்டபிள். ஜெயமோகனின் 'துணைவன்' கதையை ஆதாரமாக வைத்து வெற்றிமாறன் 2023-ல் எடுத்த 'விடுதலை' படத்தில், மலை முகாமில் வண்டி ஓட்டும் ஒரு கான்ஸ்டபிளை அப்படி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். தேடவேண்டியது அந்தத் திசையில்தான். கொங்கு நாட்டில் பிறந்த ஓர் இளைய எழுத்தாளர், சத்தியமங்கலத்துக் காட்டை வைத்து அவனை முழு நாவலாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2004 அக்டோபரில் அந்தச் செய்தி வந்த காலையில் நானும் சந்தோஷப்பட்டவன்தான். காப்பி ஆறிப்போவது தெரியாமல் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். 'சோளகர் தொட்டி' வெளிவந்ததும் அதே 2004-ல்தான். அதை நான் பல வருஷம் கழித்தே படித்தேன். இரண்டும் ஒரே வருஷத்துச் சரக்கு. ஒரே காட்டுச் சரக்கு. ஒன்று என் வீட்டு வாசலுக்குத் தானாக வந்தது. மற்றதை நான் தேடிப் போகவேண்டியிருந்தது. பறவையின் தலை மட்டும் தெரிந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே விஜயகுமாரின் நூலில் நான் கண்ட குறை அவருடையது மட்டும் அல்ல. அதை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கீழே வைத்த நம்மைப் போன்ற வாசகர்களுடையதும்தான்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்குமுன் இரண்டு புத்தகங்களையும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். முதல் நூல் இங்கிலீஷ்; அதில் முக்கியமான இடங்களை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். பாலாற்றுச் சம்பவத்தைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸைச் சொன்னபோது, வண்டிக்கும் சுட்டவர்களுக்கும் நடுவே எத்தனை கெஜம், ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் நின்றார்களா, ஒருவர் குண்டு ஒருவர்மேல் பாயாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று தொழில் முறையில் விசாரித்தார். 'சோளகர் தொட்டி'யைத் தாமே படிப்பதாக வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போனேன். புத்தகம் திண்ணையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே இருந்தது. பாதிக்குமேல் ஓர் இடத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகியிருந்தார்.

"முடிச்சாச்சுங்களா, ஐயா?"

"இல்லீங்க." சற்று நேரம் எருமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த முகாமுல இருந்தவங்க நம்ம பசங்களாத்தானுங்க இருக்கோணும். எங்கிட்டப் படிச்சவனும் அதுல இருந்திருப்பான். மூணு விதியைச் சொல்லிக் குடுத்தவன், நாலாவதைச் சரியாச் சொன்னனா இல்லையான்னு யோசிச்சுட்டு இருக்கறனுங்க."

நான் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தடுத்து, "இன்னொரு வாரம் இருக்கட்டுமுங்க. முடிச்சுப் போட்டே தர்றேன்" என்றார்.